மிகையின் இலக்கணம்: ஆனைமலை முதல் பரங்குன்றம் வரை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், நகரத்தின் நெரிசல் குறைந்து வயல்கள் தலைகாட்டும் இடத்தில், ஒரே பாறையாக நீண்டு கிடக்கும் ஆனைமலையின் அடிவாரத்து நரசிங்கம் என்னும் ஊரில், மலையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோயில் ஒன்று உள்ளது. பராந்தக நெடுஞ்சடையன் என்னும் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்த மாறன்காரி இக்குடைவரையைத் தொடங்கினார் என்பதையும், பணி முடியுமுன் அவர் இறந்துவிட, அவர் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துக் குடமுழுக்குச் செய்வித்தார் என்பதையும் அங்குள்ள கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அவற்றுள் வடமொழிக் கல்வெட்டு குறிக்கும் கலியாண்டு, பொது ஆண்டு 770க்குச் சமமானது. உள்ளே நரசிம்மர் அமர்ந்திருக்கிறார். மலையின் பாறையிலேயே குடைந்தெடுத்த உருவமாகையால், மலைக்கு உள்ள அசைவின்மையே அவருக்கும் வாய்த்திருக்கிறது. சிங்க முகத்தின் சீற்றம் அடங்கி, உடலின் எடை முழுவதும் தரையில் இறங்கி, காண்பவரிடம் எதையும் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லாததுபோல் அவர் வீற்றிருக்கிறார்.

நாயக்கர் காலச் சிற்பங்களைத் தேடிப் புறப்பட்ட பயணத்தை, அவற்றுக்கு எண்ணூறு ஆண்டுகள் முந்திய இக்குடைவரையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த மானரிசம் என்னும் கலைப்போக்கைக் கற்பவர், அதற்கு முன்பிருந்த சமநிலையை முதலில் கண்ணால் அளந்துகொள்ளாமல் அதன் திருகலையும் நீட்சியையும் புரிந்துகொள்வதில்லை. மதுரைத் தூண்களுக்கும் அதே நெறி பொருந்தும். ஒரு மரபு தன் முழுமையை எட்டிவிட்டது என்று அதைச் சேர்ந்தவர்களே நம்பத் தொடங்கிய பின் பிறக்கும் கலைஞன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு, ஃபிளாரன்சும் மதுரையும் ஒன்றையொன்று அறியாமல், ஏறத்தாழ ஒரே காலத்தில் விடை தேடின.

இத்தாலியில் ரஃபேல் 1520இல் மறைந்தபோது, ஓவியம் எட்டவேண்டிய எல்லையை எட்டிவிட்டது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. உடலின் அளவும், தொலைவைக் காட்டும் கணக்கும், ஒளியும் நிழலும் கைவசமான பிறகு வந்த தலைமுறை, இயற்கையைப் பார்த்து வரைவதைக் காட்டிலும் முன்னோரின் படைப்புகளைப் பார்த்து, அவற்றை மிஞ்சி வரைவதில் நாட்டம் கொண்டது. கழுத்துகளும் விரல்களும் நீண்டன. உடல்கள் அச்சைச் சுற்றித் திருகிக்கொண்டன. நிறங்கள் இயற்கையில் காணாத பளபளப்பைப் பெற்றன. 1520க்குப் பின் அந்நூற்றாண்டின் இறுதிவரை நிலவிய இந்தப் பாணிப் பற்றையே பின்னாளில் மானரிசம் என்று அழைத்தனர். பொன்டோர்மோ 1525க்கும் 1528க்கும் இடையில் ஃபிளாரன்சின் சாந்தா ஃபெலிசித்தா தேவாலயத்தில் வரைந்த சிலுவையிறக்க ஓவியத்தில் சிலுவையே இல்லை. இயேசுவின் உடலைத் தாங்குவோர் இளஞ்சிவப்பும் நீலமுமான துணிகளுக்குள் நுனிக்காலில் மிதக்கின்றனர். பார்மிஜானினோ 1534இல் ஏற்றுக்கொண்டு, முடிக்காமல் விட்டுச்சென்ற மாதா ஓவியத்தில், அன்னையின் கழுத்து அன்னத்தின் கழுத்தைப்போல் நீள்கிறது. லூத்தர் 1517இல் தொடங்கிய சமயப் பிளவும், 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லசின் படைகள் ரோமாபுரியைச் சூறையாடியதும் இக்கலையின் பின்புலமாக அமைந்தன.

ஆனைமலையிலிருந்து வடக்கே, வயல்வெளி ஏறி மலைத்தொடரில் முட்டும் இடத்தில் அழகர்கோயில் அமைந்துள்ளது. கள்ளழகர் சந்நிதிக்கு முன்னுள்ள கல்யாண மண்டபத்தில் நாயக்கர் காலச் சிற்பிகள் இதே நரசிம்மரை மீண்டும் வடித்திருக்கின்றனர். ஆனால் இங்கே அவர் அமர்ந்து காட்சி தருபவராக இல்லை. ஒரு தூணில் இரணியனோடு கைகலந்து போர் புரிகிறார். மற்றொரு தூணில் அவனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறார். கைகள் பலவாகப் பெருகி, ஒவ்வொன்றும் வெவ்வேறு தொழிலில் ஈடுபட்டிருக்க, இரணியனின் உடல் முழந்தாள்களின் மேல் வில்லாக வளைந்து தொங்குகிறது. ஆனைமலையில் மலைக்குள் ஒடுங்கியிருந்த ஆற்றல், இங்கே தூணைப் பிளந்துகொண்டு நடைபாதையை நோக்கிப் பாய்கிறது.

இம்மண்டபத்துத் தூண்களைச் சிற்ப நூலார் அணியொட்டிக்கால் என்பர். தூணின் நடுவுடலும், அதை ஒட்டிப் புறப்படும் சிறு தூண்களோ பேருருவங்களோ, அனைத்தும் ஒரே கல்லில் செதுக்கப்பெறும் தூண்வகை இது. சோழர் காலத்துத் தூணில் சிற்பம் பெரும்பாலும் சதுர முகப்புக்குள் அடங்கிய சிறு புடைப்பாகவே இருந்தது. விசயநகரக் காலத்தில் அது வெளியே தள்ளத் தொடங்கி, நாயக்கர் காலத்தில் ஆளுயரத்தையும் மிஞ்சியது. அருகில் சென்று பார்த்தால் அதன் உழைப்பு விளங்கும். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒளி புகும் அளவுக்குக் கருங்கல் குடைந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ஓங்கிய ஆயுதத்தின் நுனி ஒடிந்துவிடாதிருக்கத் தோளோடு சேர்த்து ஒரு சிறு கல் துண்டு பாலமாக விடப்பட்டிருக்கிறது. விரல் நகங்களும் அணிகலன்களின் முத்துகளும் தனித்தனியே தெரிய, தூணோடு ஒட்டிய முதுகுப்புறம் மட்டும் கரடாக நிற்கிறது. கைபடும் உயரத்தில் இருக்கும் பாதங்களும் முழங்கால்களும், தலைமுறைகளாகத் தொட்டு வணங்கியவர்களின் விரல் எண்ணெயால் கறுத்து வழவழப்பாகியுள்ளன.

இவ்விடத்தில் ஃபிளாரன்சின் நினைவு வருவது இயல்பு. அங்கு 1583இல் நிறுவப்பட்ட ஜாம்பொலோன்யாவின் சிற்பத்தில், மூன்று உடல்கள் ஒரே சலவைக்கல்லில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு ஏறுகின்றன. கதை எதையும் மனத்தில் கொள்ளாமல் தம் திறமையைக் காட்டவே சிற்பி அதைச் செய்தார். சபைன் பெண்களைக் கவர்ந்து சென்ற ரோமானியப் பழங்கதை அதற்குப் பெயராகப் பின்னரே சூட்டப்பட்டது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சிற்பம் முழுமையாகத் தோன்றவேண்டும் என்பதும், பார்ப்பவர் அதைச் சுற்றி வரவேண்டும் என்பதும் அவர் எண்ணம். அழகர்கோயில் சிற்பி அதே அளவு கடினத்தை, சலவைக்கல்லைவிட இறுகிய கருங்கல்லில், விரும்பியே மேற்கொண்டார் எனினும் அவருடைய சிற்பத்துக்குப் பெயர் முன்னரே இருந்தது. எத்தனை கைகள், எந்தக் கையில் எது, எந்த முகத்தில் எந்த மெய்ப்பாடு என்பவை ஆகமமும் புராணமும் வகுத்தவை. அந்த வரையறைக்குள் நின்று எவ்வளவு தூரம் எட்டிப் பாய முடியும் என்பதில்தான் அவருடைய ஆட்டம் நடந்தது.

மேலும், இச்சிற்பத்தை யாரும் சுற்றி வருவதில்லை. இருபுறமும் எதிரெதிராக அணிவகுத்த தூண்களுக்கு நடுவே உள்ள பாதையில் மக்கள் நடக்கின்றனர். திருநாளில் அதே பாதையில் உற்சவர், அதாவது உலாவுக்கு உரிய செப்புத் திருமேனி, பல்லக்கில் எழுந்தருளுகிறார். மூலவர் நகராதவர், உற்சவர் நகர்பவர் என்ற இரட்டை நிலையில், நாயக்கர் காலம் நகர்பவருக்கே பெரும்பங்கு இடம் கட்டியது. அழகர் கோயிலிலிருந்து வையைக்கு இறங்கி வரும் உலா இதற்குச் சிறந்த சான்று. முன்பு தேனூரை நோக்கிச் சென்ற அழகரின் பயணத்தை மதுரை வழியே திருப்பி, மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, சைவ வைணவ விழாக்கள் இரண்டையும் திருமலை நாயக்கர் ஒன்றாக இணைத்தார் என்பது மதுரை மக்களின் வழக்கு. தூண்களிலிருந்து முன்னோக்கிச் சாயும் உருவங்கள், நடுவே வரும் அந்த ஊர்வலத்தை எதிர்கொள்ளும் அவையினர்போல் நிற்கின்றன. நின்ற இடத்திலிருந்து ஒரு சிற்பத்தை மட்டும் பார்ப்பவருக்கு மிகையாகத் தோன்றும் சாய்வு, நடந்துகொண்டே பார்ப்பவருக்கு இயல்பான தாளமாக மாறுகிறது.

அழகர் வரும் வழியே நகருக்குள் நுழைந்து மீனாட்சியம்மன் கோயிலை அடையுமுன், அதன் கட்டடங்கள் எழுந்த சூழலை எண்ணிப் பார்ப்பது தகும். 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பும், அதையடுத்து சுல்தான்கள் மதுரையை ஆண்ட காலமும் பாண்டிய அரசின் தொடர்ச்சியை அறுத்தன. விசயநகர இளவரசர் குமார கம்பணர் 1370களில் நகரை மீட்ட பின் வழிபாடு மீண்டது. 1529 அளவில் விசுவநாத நாயக்கர் மதுரையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்து தலைநகர் அழிக்கப்பட்டபோது, அதன் கிளைகளாக இருந்த மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் தனித்து நிற்கத் தொடங்கினர். ரோமாபுரியின் சூறைக்குப் பின் கலைஞர்கள் இத்தாலியின் சிற்றரசவைகளுக்கும் பிரான்சுக்கும் சிதறிச் சென்றதைப்போல், பேரரசின் கலைமரபு இங்கே சிற்றரசர்களின் கையில் வளர்ந்தது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நாயக்கர்கள், பாண்டியரின் குலமகளாகிய மீனாட்சியின் பிரதிநிதிகளாகத் தம்மை நிறுத்திக்கொண்டனர். பட்டாபிடேகத்தன்று அம்மனிடமிருந்து செங்கோல் பெறும் சடங்கு அந்த அரசியலின் வெளிப்பாடு. பழைய மரபின் வாரிசு என்று தம்மை நிறுவிக்கொள்ள வேண்டியவர், அம்மரபை முன்னோரைவிட உரத்த குரலில் பேசுவது இயல்பே.

கீழைக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபம் அந்த உரத்த குரலின் உச்சம். வைகாசி வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் எடுத்த இந்த நீண்ட மண்டபம் 1630களில் நிறைவெய்தியது; நடு மேடையைச் சுற்றி நீர் நிரப்பிக் கோடையின் வெம்மையைத் தணித்து, சுவாமியையும் அம்மனையும் அங்கு எழுந்தருளச் செய்வர். தையற்காரர்களும் பாத்திர வணிகர்களும் வளையல் கடைக்காரர்களும் நெடுங்காலம் இத்தூண்களுக்கிடையே தொழில் செய்துவந்தனர். அண்மை ஆண்டுகளில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்ட பின்னர், துணிமூட்டைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த சிற்பங்கள் முழு உருவத்தோடு வெளிப்பட்டுள்ளன.

நடுப்பகுதித் தூண்களில் விசுவநாதர் முதல் திருமலை வரையிலான நாயக்க அரசர் பதின்மர், தேவியருடன் ஆளுயரத்தில் நிற்கின்றனர். எல்லாரும் கைகூப்பியிருக்கின்றனர். திருமலை நாயக்கரின் தொந்தி, இடைக்கச்சைக்கு மேல் சரிந்திறங்குவதைச் சிற்பி மறைக்கவில்லை. அதே வேளையில் ஆடையின் பூவேலையும் இடையில் செருகிய குறுவாளின் பிடியும் அளவற்ற நுணுக்கத்தோடு அமைந்துள்ளன. ஃபிளாரன்சின் கோசிமோ தெ மெதிச்சியின் அரசவை ஓவியரான பிரொன்சீனோ, 1545இல் கோசிமோவின் மனைவி எலியோனோராவை வரைந்தபோதும் ஆடையின் சரிகைக் கோலமே ஓவியத்தின் பெரும்பகுதியை ஆட்கொண்டது. முகம் உணர்ச்சி காட்டாமல் உறைந்தது. இரு அவைகளிலும் அணியும் ஆடையும் அதிகாரத்தின் மொழியாயின. ஆனால் எலியோனோரா தம்மைப் பார்ப்பவரை மேலிருந்து நோக்குகிறார். நாயக்கர்கள் தம்மைப் பார்ப்பவரைக் கவனிப்பதே இல்லை. அவர்களுடைய கூப்பிய கைகள் நடுமேடையில் அமரப்போகும் தெய்வத்தை நோக்கியவை. ஆண்டுக்கு ஒருமுறை விழா நடக்கும்போது மட்டுமே அச்சிற்பங்களின் பார்வைக்கு இலக்கு வந்து சேர்கிறது.

மற்றத் தூண்களில் சிவனின் திருவிளையாடல்கள் விரிகின்றன. கல் யானை கரும்பு தின்கிறது. மூன்று தனங்களுடன் தடாதகை, அதாவது மீனாட்சி, நிற்கிறாள். தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்காகச் சிவனே தாய்ப்பன்றியாகிப் பால் கொடுத்த கதை, பன்றி முகமும் பெண்ணுடலும் கொண்ட உருவமாக, குட்டிகளை அணைத்தபடி காட்சி தருகிறது. அழகும் விகாரமும் ஒரே உடலில் சேர்ந்த இத்தகைய உருவங்களில் மானரிச ஓவியர்களும் பெருவிருப்பம் கொண்டிருந்தனர். ஆனால் அவர்களுடைய விருப்பத்துக்குத் திருச்சபை கடிவாளம் இட்டது. 1545இல் தொடங்கிய திரெந்து சங்கம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபை சீர்திருத்தத்துக்காகக் கூட்டிய பேரவை, 1563 டிசம்பரில் தன் இறுதி அமர்வில், தேவாலயப் படங்கள் தெளிவாகப் போதிக்கவேண்டும், ஒழுங்கின்மைக்கும் காமத்துக்கும் அவற்றில் இடமில்லை என்று விதித்தது. இரண்டாண்டுகளில் மைக்கேலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் நிர்வாண உடல்களுக்குத் துணி வரைந்து மூடினர். வெனிசு ஓவியர் வெரோனேசே 1573இல் விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, கடைசி இராவுணவில் கோமாளிகளையும் நாயையும் ஏன் சேர்த்தீர் என்று கேட்கப்பட்டார். அவர் ஓவியத்தின் தலைப்பை மாற்றித் தப்பினார்.

மதுரையில் அத்தகைய சங்கம் எதுவும் கூடவில்லை. பன்றியான சிவனுக்கும் மூன்று தனத்துத் தடாதகைக்கும் சான்று, மதுரையின் தலபுராணமாகிய திருவிளையாடற் புராணமே. பெரும்பற்றப்புலியூர் நம்பியும் பின்னர் பரஞ்சோதி முனிவரும் பாடிய அக்கதைகள், நூலில் மட்டும் தங்காமல் விழாவில் நடித்தும் காட்டப்படுகின்றன. ஆவணியில் சிவன் பிட்டுக்கு மண் சுமக்கிறார், மக்கள் கூடிநின்று பார்க்கின்றனர். எந்த உருவம் தகும், எது தகாது என்பதை மேலிருந்து வந்த ஆணையைவிட ஊரின் நினைவே தீர்மானித்தது. விசித்திரம் இங்கே ஊரறிந்த செய்தியாக இருந்ததால், அது யாரையும் மிரட்டவில்லை.

கோயிலுக்குள், 1569ஐ ஒட்டி நாயக்கரின் தளவாய் அரியநாத முதலியார் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் ஆயிரக்கால் மண்டபம் இப்போது கலைக்கூடமாக விளங்குகிறது. 985 தூண்கள் கொண்ட அம்மண்டபத்தின் நுழைவில் அரியநாதரே குதிரைமேல் அமர்ந்திருக்க, உள்ளே நடுவழியின் இருபுறமும் குறவன், குறத்தி, இரதி, பேடியாக வேடமிட்ட அருச்சுனன் எனப் புராணத்தாரும் நாட்டார் கதைமாந்தரும் கலந்து நிற்கின்றனர். தாடியும் மீசையும் பெண்ணுக்குரிய மார்பும் கொண்ட பேடியின் உருவத்தில், இடையின் ஒரு பக்க ஒடிவும் எதிர்ப்பக்கத் தோளின் சரிவும் இருபாலின் நடையையும் ஒரே உடலில் கலக்கின்றன. வடக்கு ஆடி வீதியின் இசைத்தூண்களில் இத்திறன் வேறொரு வகையில் வெளிப்படுகிறது. ஒரே கருங்கல்லில் நடுத்தூணைச் சூழ 22 மெல்லிய தூண்களைப் பிரித்தெடுத்து, தட்டினால் ஒவ்வொன்றும் தனிச்சுரம் எழுப்புமாறு செய்திருக்கின்றனர். கூரையைத் தாங்குவதற்கு இவ்வளவு தேவையில்லை. கடினமானதை எளிதுபோல் செய்து காட்டுவதே கலையின் பெருமை என்று இத்தாலிய எழுத்தாளர் வசாரி 1550இல் கலைஞர் வரலாற்றை எழுதியபோது பாராட்டிய குணம், மதுரைச் சிற்பியிடமும் குறைவின்றி இருந்தது.

இக்குணம் கல்லோடு நிற்கவில்லை. அதே காலத்துத் தமிழ்ப் புலவர்கள் சிலேடையிலும், ஒரே எழுத்துத் தொடர் வெவ்வேறு பொருளில் மீண்டும் மீண்டும் வரும் மடக்கிலும், முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கத்தகும் மாலைமாற்றிலும், தேர் வடிவிலும் பாம்பு வடிவிலும் எழுத்துகளை அடைக்கும் சித்திரகவியிலும் போட்டியிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் இயற்றிய மாறனலங்காரம் இவ்வணிகளுக்கு விரிவான இலக்கணம் வகுத்தது. திருமலை நாயக்கரின் காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றிய குமரகுருபரர், இந்தச் சொல்வன்மையைப் பக்தியின் ஊர்தியாக்கினார். பின்னாளில் இத்தகைய செய்யுள்களைச் சொற்சிலம்பம் என்று ஒதுக்கிய அதே அளவுகோல்தான் நாயக்கர் சிற்பத்தைச் சோழர் கலையின் தேய்வு என்று ஒதுக்கியது.

சுவாமி சந்நிதி முன்னுள்ள கம்பத்தடி மண்டபத்தில் அந்த அளவுகோல் தடுமாறுகிறது. இங்கே ஊர்த்துவ தாண்டவரும் காளியும் ஆளுயரத்தை விஞ்சிய தனிக்கற்களில் எதிர்நிற்கின்றனர். சிவனின் ஒரு கால் காதளவுக்கு நேராக உயர்ந்திருக்க, உடலின் பாரம் முழுவதும் மற்றொரு காலில் ஊன்றியிருக்கிறது. நடனப் போட்டியில் தோற்ற காளியின் சினத்தைத் தணிக்க, மக்கள் நெடுங்காலம் அவள்மீது வெண்ணெய் உருண்டைகளை எறிந்து வந்தனர். நந்தி மண்டபத் தூணிலோ, மதுரையின் அடையாளமாகப் படங்களில் பரவியுள்ள மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது. திருமால் தாரை வார்க்க, நாணத்தால் தலை தாழ்த்திய மணமகளின் கை சிவனின் கையில் சேர்கிறது. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த இம்மண்டபத்தை நாட்டுக்கோட்டை நகரத்தார் 1870களில் புதுப்பித்துக் கட்டினர். நாயக்கர் பாணியின் சிகரமாகக் காண்போர் கருதும் சிற்பங்கள் பல, நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்து நூறாண்டுக்கு மேல் கழிந்த பின்னர், அதே பாணியைக் கைவிடாத சிற்பிகள் செய்தவை. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் பெர்கூசன் 1876இல் லண்டனில் வெளியிட்ட நூலில், தென்னாட்டுப் பிற்காலக் கோயில்களைப் பெரும் உழைப்பு இருந்தும் திட்டம் இல்லாதவை என்று குறைகூறிய அதே பத்தாண்டில், மதுரையில் உளிகள் அப்பாணியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தன.

அருகிலுள்ள வெள்ளியம்பலத்தில் நடராசர் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். தில்லையில் வலக்கால் ஊன்றி இடக்கால் உயரும். நடனம் பயின்ற இராசசேகர பாண்டியன், ஒரே காலில் ஊன்றி ஆடுவதன் வலியைத் தன் உடலில் உணர்ந்து, ஐயனின் கால் நோகுமே என்று வேண்டியதால் அவர் கால் மாறி ஆடினார் என்று புராணம் சொல்லும். முன்னோர் வகுத்த முழுமையான வடிவத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிக் காட்டுவது மானரிசக் கலைஞர் விரும்பிய உத்தி. மதுரை அந்தத் திருப்பத்துக்கு ஓர் அன்பரின் கருணையைக் காரணமாக்கியது.

கோயிலுக்குத் தென்கிழக்கே உள்ள திருமலை நாயக்கர் மகால் 1636இல் எழுந்தது. இன்று காண்பது அதன் ஒரு பகுதியே. பேரரான சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது பல பகுதிகளைப் பெயர்த்துக் கொண்டு சென்றார். எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். அதன் சொர்க்க விலாசம் என்னும் பகுதியின் பெருந்தூண்கள் கல்லாகத் தோன்றினாலும் செங்கல்லால் ஆனவை. மேலே பூசிய சுண்ணச்சாந்து மெருகேறி, பளிங்குபோல் கைக்குக் குளிர்கிறது. பல மடிப்பு வளைவுகளில் இசுலாமியக் கட்டடங்களின் சாயலும், தூண்களின் பருமனில் ஐரோப்பியச் சாயலும், சுதையாலான யாளிகளில் கோயில் மரபும் கலந்துள்ளன. இதை வரைந்தவர் ஓர் இத்தாலியர் என்ற செய்தி பரவலாக வழங்கினாலும், அதற்கு உறுதியான சான்று இல்லை. இத்தாலியின் மாந்துவா நகரில் ஜூலியோ ரொமானோ 1525இல் தொடங்கிய தே அரண்மனையிலும் செங்கல்லின்மேல் சாந்து பூசிக் கல்லென்று மயங்கச் செய்திருக்கின்றனர். அங்கே சில அலங்காரக் கட்டைகள் நழுவி விழுவதுபோல் வேண்டுமென்றே அமைத்து, இலக்கணம் அறிந்த விருந்தினரைச் சிரிக்கவைத்தனர். மதுரை அரண்மனையில் அந்த நகைச்சுவை இல்லை. பல நாட்டு வடிவங்களையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர வல்லவன் என்று அரசன் காட்டும் பெருமிதமே மேலோங்குகிறது.

மானரிச இத்தாலியிலிருந்து மதுரைக்கு உண்மையில் வந்தவர் கட்டடக்காரர் அல்லர், ஒரு துறவி. 1577இல் பிறந்த ராபர்த்தோ தெ நொபிலி, திரெந்து சங்கத்துக்குப் பிந்திய கத்தோலிக்கத்தின் முதன்மை இறையியலாளரான கர்தினால் பெல்லார்மினின் உறவினர். இயேசு சபையில் சேர்ந்து, 1606இல் மதுரைக்கு வந்த அவர், காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்டார். அவருக்கு முன்பே இங்கு பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டசு, இவ்வழியைக் கண்டித்துப் புகார் எழுதினார். பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்களா, குலவழக்கங்களா என்ற அந்த வழக்கு ரோமாபுரி வரை சென்று, 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். திருமலை நாயக்கர் பட்டமேறியதும் அதே ஆண்டில்தான்.

இயேசு சபையார் 1580இல் அக்பருக்குப் பரிசளித்த ஆண்ட்வெர்ப் விவிலியத்தின் அச்சுப்படங்களை முகலாய ஓவியர்கள் பார்த்து வரைந்தனர். மானரிசம் இந்தியக் கலைக்குள் கண்ணுக்குப் புலப்படுமாறு நுழைந்த வாயில் அதுவே. மதுரையில் அவ்வாறு நிகழவில்லை. புதுமண்டபத்துச் சிற்பங்களுக்கும் ஃபிளாரன்சின் சிற்பங்களுக்கும் உள்ள ஒற்றுமை, ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றதால் விளைந்ததன்று. முதிர்ந்த ஒரு கலைமரபு, அதிகாரம் இடம்பெயரும் காலத்தில், போட்டியிடும் அவைகளின் ஆதரவில் இயங்கும்போது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டும் தனித்தனிச் சான்றுகள். வந்த இத்தாலியரோ தம் ஊர்ப் பாணியைக் கொண்டுவராமல், மதுரையின் நடையுடையை மேற்கொண்டார்.

ஐரோப்பாவில் மானரிசம் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சீரழிவின் பெயராகவே இருந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின், மாக்சு தொவோர்ழாக் என்னும் வியன்னா அறிஞர் 1920இல் ஓவியர் எல் கிரேக்கோ பற்றி ஆற்றிய உரை முதலானவற்றால், அதன் அமைதியின்மை ஓர் ஆன்மிகத் தேடலாக மதிப்புப் பெற்றது. 1967இல் ஜான் ஷியர்மன் அதை நாகரிகமும் நளினமும் மிக்க அரசவைக் கலையாக விளக்கினார். நாயக்கர் சிற்பத்துக்கு இந்த இரு விளக்கங்களும் பாதியளவே பொருந்தும். அதில் தவிப்பு இல்லை. அரசவையின் மினுக்கு இருந்தாலும், அது அரசவைக்குள் அடைபட்டதும் இல்லை. தையற்காரரும் பூ விற்பவரும் அன்றாடம் சாய்ந்து நின்ற தூண்களில் இருந்த கலை அது.

பயணத்தின் இறுதியிடமான திருப்பரங்குன்றம், நகரின் தென்மேற்கே குன்றை ஒட்டி எழுகிறது. தெருவிலிருந்து நுழைபவரை முதலில் எதிர்கொள்வது நாயக்கர் காலத்து ஆஸ்தான மண்டபம். யாளிகளும் பாயும் குதிரைகளும் வீரர்களும் தாங்கும் அதன் 48 தூண்களில், முருகன் தெய்வயானையை மணக்கும் காட்சியும் இடம்பெறுகிறது. அங்கிருந்து மண்டபங்கள் படிப்படியாக மேலேறி, ஒளி குறைந்து, கூரை தாழ்ந்து, முடிவில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரையில் சென்று அடங்குகின்றன. அங்கே முருகனும் துர்க்கையும் பிள்ளையாரும் பாறைச் சுவரில் அமைதியாக வீற்றிருக்க, சிவனும் திருமாலும் பக்கச் சுவர்களில் ஒருவரையொருவர் நோக்குகின்றனர். மலையோடு ஒன்றிய மூலவருக்கு நீராட்டு இல்லை. அவருடைய வேலுக்கே அபிடேகம் நடைபெறுகிறது.

ஆனைமலையும் அழகர்கோயிலும் இரு வேறு இடங்களில் காட்டிய முரண், இங்கே ஒரே கோயிலின் இரு முனைகளாக அமைந்திருக்கிறது. முன்மண்டபத்தின் கொந்தளிப்பைக் கடந்து வருபவருக்கே குடைவரையின் அமைதி அமைதியாகப் படுகிறது. நாயக்கர் காலச் சிற்பி பாண்டியச் சிற்பத்தோடு போட்டியிட வரவில்லை, அதற்கு வாயிலாக நின்றார். ஆகவே சோழச் செப்புத் திருமேனியின் அருகில் நாயக்கர் தூணை வைத்து எடைபோடுவது முறையாகாது. அதற்காக நாயக்கர் பணி அனைத்தும் ஒரே தரத்தன என்பதும் இல்லை. நெடிய திருச்சுற்றுகளில் வரிசையாக நிற்கும் யாளிகள் பலவற்றில் உளி பழக்கத்தால் மட்டுமே நகர்ந்திருக்கிறது. அங்கே பாணி இருக்கிறது, அதை ஏவிய கதையோ விழாவோ இல்லை. அழகர்கோயில் நரசிம்மரிலும் ஆயிரக்கால் மண்டபத்துப் பேடியிலும் அதே மிகை, சொல்ல வந்ததை வேறெவ்விதமும் சொல்ல முடியாது என்ற உறுதியோடு செயல்படுகிறது. மிகை குறையா, நிறையா என்பதை ஒரு காலத்தின்மேலோ ஒரு வமிசத்தின்மேலோ ஏற்றித் தீர்ப்பளிக்க முடியாது. தூண் தூணாகச் சென்று, அதன் முன்னே எந்தத் தெய்வம் எந்தத் திருநாளில் கடந்து செல்கிறது என்று கேட்டறிந்த பின்னரே அதைச் சொல்ல இயலும்.